நிஜாமின் பெயரில் ஒரு சிம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஆற அமர எழுதிய குறிப்பு இல்லை. மஸ்கட்டுக்கு வந்து இருபத்து நான்கு வருடம் முடிந்ததை ஒட்டி நம் ஊர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பேரீச்சை மரம், வெயில், வெள்ளிக்கிழமைப் பிரியாணி என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வயிறு எரிகிறபோது பேரீச்சை மரத்தைப் பற்றி எவன் எழுதுவான்?

நிஜாமுதீனை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த மலர் கையில் கிடைக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நீடாமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதுவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எனக்கு இரண்டு வருடம் கழித்து மஸ்கட் வந்தான். ஏ.சி. மெக்கானிக். எனக்குக் கட்டடச் சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. பெண்டாட்டி ரஹ்மத்தும் மகள் ஷிபாவும் இங்கேயே என்னோடு இருக்கிறார்கள். நிஜாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி ரூமில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாக இருக்கிறான். அவன் விமானம் ஏறும்போது மகள் பர்வீன் தாய் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால் மகளோடு அவன் இருந்தது மூன்று வருடம் தேறாது.

நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்பான், கம்பெனி விடாது. பன்னிரண்டாவது ரிசல்ட்டுக்கு வருகிறேன் என்பான், வேலைக்கு ஆள் இல்லை என்பார்கள். சொந்த அத்தா மௌத்தானபோதே அடக்கமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தான். "அத்தா வர்றேன்னு சொன்னா வரலேன்னு அர்த்தம் மாமா" என்று பர்வீன் ஒருமுறை என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றுப் பக்கம் குத்தகை நிலம் பார்க்கிறவர்கள். சம்பா அறுத்துக் கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நிஜாமின் லீவைக் கேட்டுத்தான் தேதியே குறித்தார்கள். கம்பெனி லீவை எழுத்தில் கொடுத்துவிட்டது. அந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். "மத்ததுக்கெல்லாம் போகல ஹபீபு. இந்த ஒரு நாள் மட்டும் நான் அங்க இருக்கணும்டா" என்று என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பான்.

அந்த ஒரு நாளைத்தான் எவனோ திருடிவிட்டான்.

2

பாஸ்போர்ட் முடியப் போகிறது, புதுப்பித்துக்கொண்டே போய்விடலாம் என்று பழையதை இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தான். இரண்டு வாரத்தில் வர வேண்டியது நாலு வாரமாகியும் வரவில்லை. நானும் கூடப் போனேன். கோபம் வந்தால் நிஜாமுக்கு நாக்கு புரளாது, அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும்.

கவுண்டரில் இருந்த பெண் மலையாளி. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "சேட்டா, ஊர்லேர்ந்து போலீஸ் ரிப்போர்ட் மோசமா வந்திருக்கு. இவங்க மேல கேஸ் இருக்கு."

"யாரு மேல?"

"இவங்க மேலதான். வேற ஸ்டேட்ல."

அவள் சொன்ன மாநிலத்துக்கு நிஜாம் போனதே இல்லை. அவனுக்குத் தெரிந்த இந்தியா நம் ஊர், தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு, திருச்சி ஏர்போர்ட், அவ்வளவுதான். அவன் பெயரில், அவன் ஆதார் எண்ணில், அவன் போட்டோவோடு ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து ஒரு வயதான தம்பதிக்குப் போன் போட்டு, உங்கள் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டது என்று மிரட்டி, இருந்ததையெல்லாம் உருவியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் புகார் கொடுத்தார். போலீஸ் தேடியது. சிம் யார் பெயரில் இருக்கிறது? நிஜாமுதீன், நீடாமங்கலம் வட்டம்.

"இவன் இருபத்திரண்டு வருஷமா இங்க ஏ.சி. ரிப்பேர் பண்றான்மா! பாஸ்போர்ட்ல முத்திரையைப் பாருங்க!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன செய்யட்டும் சேட்டா? அங்க கிளியர் பண்ணிட்டு வாங்க. அவசரம்னா ஒருவழிப் பயணத்துக்குத் தற்காலிகப் பத்திரம் தருவாங்க. அதை வச்சு ஊருக்குப் போகலாம்."

பாவம், அவள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். நான்தான் விடவில்லை, மேலதிகாரியைக் கூப்பிடு என்று குதித்தேன். நிஜாம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான். வெயிலில் நின்று அந்த லீவுக் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தான். நாங்கள் இருவரும் டாக்சியில் ஏறினோம்.

ஒருவழியோ, அரைவழியோ, போய்விடுகிறேன் என்றுதான் அவன் நின்றான். இங்கே பத்தாக்கா, அதாவது இங்கே வசிப்பதற்கான அட்டை, செத்துப்போனாலும் பரவாயில்லை, வேலை போனாலும் பரவாயில்லை என்றான். தஞ்சாவூரில் பிடித்த வக்கீல்தான் தடுத்தார். "விமான நிலையத்துல உங்க பேரைப் பார்த்ததும் நிறுத்துவாங்க பாய். அப்படியே அந்த மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் போவாங்க. கல்யாணத்துக்கு முந்துன நாள் அப்படி ஒண்ணு நடக்கணுமா? யோசிச்சுக்கங்க." அவன் யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது, கையைக் கட்டிப் போட்டாயிற்று.

3

ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள்தான் நடத்தினீர்கள்.

விசாரணைக்கு ஏட்டு ஒருவர் நிஜாம் வீட்டுக்கு வந்தார். அவன் மனைவி மும்தாஜ் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள். ஏட்டு மரியாதையாகத்தான் கேட்டுவிட்டுப் போனார். அவர் பைக் தெருமுனை தாண்டுவதற்குள் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டீர்கள். நிஜாம் மஸ்கட்டில் ஏதோ பெரிய வேலை பார்த்து மாட்டிக்கொண்டானாம். அங்கேயே உள்ளே இருக்கிறானாம். பாஸ்போர்ட் வரவில்லை என்பதெல்லாம் கட்டிவிட்ட கதையாம். அட, மனுஷர்களா நீங்கள்? அவன் அனுப்பிய சென்ட்டைப் பூசிக்கொண்டு ஜும்மாவுக்குப் போகிறவர்கள்தானே!

இந்தப் பேச்சு வெண்ணாற்றைத் தாண்டித் திருவையாறு வரைக்கும் போயிற்று. மாப்பிள்ளையின் அத்தா போன் போட்டு, "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?" என்று கேட்டாராம். நல்ல மனிதர், கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மும்தாஜுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையும் வழக்கமான சாக்குதான் என்று பர்வீன் அத்தாவின் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். "வேலையா இருக்கா" என்று மும்தாஜ் சமாளிப்பாள். என்ன வேலை என்று நிஜாம் கேட்க மாட்டான்.

நிஜாமின் ஆதார் எண் எப்படி வெளியே போனது? அதை யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. நம் ஊரில் எதற்கு நகல் கேட்கவில்லை? கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக், எல்லாவற்றிலும் நகல். பயிர் காப்பீட்டுக்கு ஒரு செட். கேஸ் சிலிண்டருக்கு ஒரு செட். வெளிநாடு கிளம்புகிறவன் ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடையில் பத்து செட் எடுப்பான். ஏஜெண்டுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று யாருக்காவது இரண்டு. சரியாக விழாத நகலைக் கடைக்காரர் கட்டி வைத்துப் பலகாரக் கடைக்குக் கொடுத்துவிடுவார். யாரோ ஒரு அம்மாளின் ரேஷன் கார்டில் நானே உளுந்து வடை தின்றிருக்கிறேன். எண்ணெயில் ஊறிய அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம். ஜெராக்ஸ்காரர்மேல், ஏஜெண்டுமேல், ஆளைப் பார்க்காமல் சிம்மை விற்றவன்மேல். நிஜாமின் மச்சானைக்கூடப் போனில் கூப்பிட்டு, "நீ எவன்கிட்டயாவது குடுத்தியா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் அழாத குறையாக அல்லாஹ்மேல் ஆணையிட்டார். அவரிடம் நான் இன்னும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

4

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். ஷிபா மஸ்கட்டில் பிறந்தவள். நம் ஊரை "உங்க ஊர்" என்பாள். ஊருக்குக் கூட்டிப்போனால் மூன்றாம் நாளே வைஃபை எங்கே என்பாள். எத்தனை முறை திட்டியும் "நம்ம ஊர்" என்று அவள் வாயில் வந்ததில்லை. அன்றைக்கும் போனை நோண்டிக்கொண்டேதான் கேட்டாள். "நிஜாம் மாமா பேரைத் தேடிப் பாத்தீங்களா அத்தா?"

"எங்க தேடறது?"

"நெட்லதான்."

தட்டினாள். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவள் முகம் மாறிவிட்டது. போனை என் பக்கம் நீட்டினாள்.

"அத்தா, இது ஓப்பனா கிடக்கு. எல்லாருதும் கிடக்கு. இதை நீங்களா போட்டீங்க?"

பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண், ஆதார் எண், பத்தாக்கா எண், ரத்த வகை, ஊர் முகவரி, வீட்டு ஆட்களின் போன் எண். வரிசை வரிசையாக இருந்தது. ஒவ்வொரு பெயரையும் தொட்டால் அட்டையின் நகலே படமாகத் திறந்தது. மேலே மஸ்கட்டில் நாங்கள் நடத்தும் ஊர்ச் சங்கத்தின் பெயர். கீழே "தொகுப்பு: செயலாளர்" என்று போட்டு என் பெயர்.

"சங்கத்து லிஸ்ட்டும்மா இது. நல்லதுக்குப் போட்டது" என்றேன்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை பாருங்கள். இதிலிருந்துதான் எடுத்தான் என்று என்ன நிச்சயம், வேறு எங்கிருந்தாவது போயிருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். மூன்றாம் நாள் வக்கீல் சிம் விண்ணப்பத்தின் நகலை வாங்கி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அதோடு சேர்ந்திருந்த ஆதார் நகலின் வலது மூலையில் பச்சை மையில் "47" என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. சங்கத்தில் நிஜாமின் உறுப்பினர் எண் நாற்பத்தேழு. பச்சைப் பேனா என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது.

5

அந்தப் பட்டியல் ஏன் வந்தது என்று சொல்கிறேன். சாக்குச் சொல்வதற்காக அல்ல. நாம் எப்படி ஏமாறுகிறோம் என்பது அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நம் ஊர் எலக்ட்ரீசியன் சிக்கந்தர் இங்கே ஓமானில் சோகார் பக்கத்தில் தங்கியிருந்த இடத்தில் மாரடைப்பில் மௌத்தானார். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, முதலாளி வெளியூரில். அவர் தகப்பனார் பெயர் கூட இருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. வீட்டு எண் பூட்டிய போனுக்குள் இருந்தது. மையத்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்தது. ஊரில் அவர் தாயார் குழி வெட்டச் சொல்லிவிட்டுப் பதினெட்டு நாள் காத்திருந்தார். சபுராளிக்கு, அதாவது பிழைக்கப் போன நம் ஆட்களுக்கு, செத்த பிறகு அனாதையாகக் கிடப்பதைவிடப் பெரிய பயம் கிடையாது.

சங்கம் கூடியது. இனி ஒருவருக்கும் இப்படி ஆகக் கூடாது, எல்லோருடைய விவரமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அட்டையை மட்டுமா, தங்கள் மௌத்தையே என் கையில் கொடுத்தது மாதிரிதான். இணையத்தில் ஏற்றலாம் என்றது என் யோசனை. பாஸ்வேர்டு போடலாமே என்று ஒருவர் கேட்டார். "ஒருத்தன் மௌத்தாகிக் கெடக்கும்போது பாஸ்வேர்டைத் தேடிட்டு உக்காருவீங்களா?" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். மளிகைக்கடை வைத்திருக்கும் இன்னொருவர் அட்டை நகல் தர மாட்டேன் என்றார். "உங்க நம்பரை வச்சு எவன் என்ன ராஜ்யத்தையா பிடிக்கப் போறான்?" என்று சபையில் வைத்துக் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வெட்கப்பட்டுக் கொடுத்துவிட்டார்.

கைதட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள். அந்தப் பொன்னாடை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

திருடியவன் அயோக்கியன்தான், நாசமாய்ப் போக. ஆனால் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, இன்னின்ன சாமான் இன்னின்ன இடத்தில் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தவன் நான். மற்றவர்கள்மேல் இத்தனை நாள் கத்தியதற்கு என்னை எதால் அடிப்பது?

6

பட்டியலை இணையத்திலிருந்து எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் உள்ளே நுழைய முடியவில்லை. ஏற்றும்போது கொடுத்த மின்னஞ்சல் மறந்துவிட்டது. அதனோடு இணைத்த போன் எண்ணை எப்போதோ விட்டாயிற்று. நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு அடையாள அட்டையை அனுப்புங்கள் என்றது அந்த இணையதளம். எப்படி இருக்கிறது பாருங்கள்! என் அட்டையை உலகமே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை மூடுவதற்கு அதே அட்டையைக் கேட்கிறான். ஷிபாதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் உட்கார்ந்து எழுதி எழுதி ஒன்பதாம் நாள் பக்கத்தை எடுக்கவைத்தாள். ஒருமுறைகூட என்னைக் குத்திக்காட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ தெரியாது. அந்தச் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று உடனே பாருங்கள். ஆதாரின் கைரேகையைப் பூட்டி வையுங்கள். வீட்டில் யாராவது படித்த பிள்ளை இருந்தால் இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்துகொண்டிருக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். சிலர் "பரவால்ல பாய், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டியவனிடம் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் அவன் ஒர்க்‌ஷாப் வாசலில் நானும் நிஜாமும் டீ குடிப்போம். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனே ஆரம்பித்தான். "ஹபீபு, நீ போயிட்டு வாடா. என் எடத்துல நீ வக்கீலா உக்காரு." கோர்ட் வக்கீல் இல்லை. மகளுக்காகச் சபையில் சம்மதம் சொல்ல வேண்டிய தகப்பன் வர முடியாவிட்டால் அவன் இடத்தில் உட்கார்ந்து சொல்கிறவர். தஃப்தரில், அதாவது ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில், அவர் கையெழுத்து இருக்கும். "மச்சான் இருக்காரு, தம்பி இருக்கான். ஆனா நீ உக்காந்தா நானே உக்காந்த மாதிரி."

இனிமேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை. சொன்னேன். சங்கத்துப் பட்டியல், பச்சை மை, நாற்பத்தேழு, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"பதினோரு நாளா."

"பதினோரு நாளா எங்கூட டீ குடிச்சிருக்கே."

அடித்திருக்கலாம். அவனுக்கு அந்த உரிமை உண்டு. கிளாஸிலிருந்த டீயைத் தரையில் ஊற்றினான், அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"நீதான் போகணும். வேற யாரும் போகக் கூடாது. என் எடத்துல உக்காருறதுக்கு முன்னாடி, என் மககிட்ட போயி, நான் ஏன் வரலேன்னு நீ சொல்லணும். போன்ல கீன்ல சொல்லாத. நேர்ல, அவ முகத்தைப் பாத்து சொல்லணும்."

7

போனேன். நீடாமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. டீக்கடையில் பேசியவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். "வாங்க பாய், நிஜாமு எப்புடி இருக்காரு?" என்று ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நான் அவரைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

நிக்காஹுக்கு முன்னால் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். சாட்சிகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். பர்வீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கை நிறைய மருதாணி. பக்கத்தில் மும்தாஜ். என்னைப் பார்த்ததும் பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தா சொல்லி அனுப்புன சாக்கு எதுவும் வேண்டாம் மாமா. கேக்க வேண்டியதைக் கேளுங்க, சம்மதம் சொல்றேன்."

"அத்தா சாக்குச் சொல்லி அனுப்பலம்மா. நான் செஞ்ச தப்பைச் சொல்ல என்னைய அனுப்பியிருக்கான்."

நின்றபடியே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. பட்டியலை ஏற்றியது நான், பூட்டுப் போடாதே என்றது நான், அவன் பெயரில் எவனோ சிம் வாங்கியது அதிலிருந்துதான், தெரிந்த பிறகும் பதினோரு நாள் மறைத்தது நான். அவன் லீவுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததையும், வேலை போனாலும் வருகிறேன் என்று நின்றதையும், வக்கீல் தடுத்ததையும் சொன்னேன். மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பர்வீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அத்தா வர்றதாத்தான் இருந்தாங்களா?"

"ஆமாம்மா. இந்தத் தடவை வந்திருப்பான்."

"ஒரு மாசமா அவங்க போனையே நான் எடுக்கல மாமா."

மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சபையில மைக் இருக்கா?"

"இருக்கும்மா."

"இப்ப எங்கிட்ட சொன்னதை மொதல்ல அங்க சொல்லுங்க. கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும். சொல்லிட்டு வந்து சம்மதம் கேளுங்க, நான் உக்காந்திருக்கேன்."